முருகன் பார்த்துப்பான்... நாம எதைப் பார்த்துக்கணும்?

ஓம் சரவணபவ.

மார்கழியில் மாலை போட ஆரம்பிச்சதும் பாதயாத்திரை குரூப்புகளில் வழக்கமா ஒரு விவாதம் கிளம்பும். புதுசா வர்ற தம்பி ஒருத்தர், "பழனிக்கு நடக்க எந்த ஷூ நல்லதுண்ணா?"ன்னு கேட்பார். உடனே ஒரு அண்ணன், "இது நேர்த்திக்கடன் தம்பி, ட்ரெக்கிங் இல்ல. முருகன் பார்த்துப்பான்"னு பதில் போடுவார். அதுக்குக் கீழே இருபது பேர் "அரோகரா" போடுவாங்க. கேட்ட தம்பி அதுக்கப்புறம் வாயே திறக்க மாட்டார்.

அந்தத் தம்பி கேட்டது செருப்புக்கடைக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனா அதுக்குள்ளே ரொம்பப் பழைய கேள்வி ஒண்ணு இருக்கு. தெய்வத்துக்காக ஒரு கஷ்டத்தை ஏத்துக்கிட்ட பிறகு, உடம்பைப் பத்திரமா, சௌகரியமா வெச்சுக்க நினைக்கலாமா? அப்படி நினைச்சா நம்பிக்கை குறைஞ்சு போச்சுன்னு அர்த்தமா?

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு ஒரு சின்னக் குழுவோட வருஷா வருஷம் நடக்கிறவன் நான். நடக்கும்போது இந்தக் கேள்வியும் கூடவே நடந்து வரும். எனக்குத் தோன்றியதை எழுதறேன். படிச்சுட்டு நீங்களும் யோசிங்க.

அந்த வார்த்தை எப்போ வருது?

"முருகன் பார்த்துப்பான்" என்கிற வார்த்தையை நான் குறைச்சுப் பேச வரல. எங்க பாட்டியும் அதைத்தான் சொல்வாங்க. ஆனா அவங்க எப்போ சொல்வாங்கன்னு பாருங்க. மாத்து வேட்டி, துண்டு, தைலம், சுக்குப் பொடி எல்லாம் பையில் வெச்சுக் கட்டியாச்சு. "வெயில் ஏறினா எங்கேயாவது ஒதுங்கிடு, ராத்திரியில கூட்டத்தை விட்டுப் போகாத, வாரத்துக்கு முன்னாடியே நகத்தை வெட்டிடு" என்று சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு. வாசல் வரைக்கும் வந்து நெத்தியில் திருநீறு பூசிவிட்டு, கடைசியா, "போயிட்டு வாப்பா, முருகன் பார்த்துப்பான்" என்பாங்க.

அவங்க வேலை அத்தனையும் முடிஞ்ச பிறகு அந்த வார்த்தை வருது. தன் கைக்கு எட்டியதையெல்லாம் செய்து முடித்தவள், எட்டாததை அவன் கையில் கொடுக்கிறாள். குரூப்பில் வர்ற அதே வார்த்தை முதல்லேயே வந்து உட்கார்ந்துக்குது. அது வந்ததும் வேலை நின்னு போகுது. ஷூ வாங்க வேண்டாம், ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், டாக்டரைக் கேட்க வேண்டாம். வார்த்தை ஒண்ணுதான். பாட்டி சொன்னா அது சரணாகதி. வேலை செய்யாமலேயே சொன்னா, நம்ம வேலையை அவன் தலையில் கட்டுவதுக்கு ஒரு நல்ல பேரு, அவ்வளவுதான்.

தினமும் பாடுறோமே, அதில் என்ன கேட்கிறோம்?

கந்த சஷ்டி கவசம் தெரியாத முருக பக்தர் உண்டா? தேவராய சுவாமிகள் அதில் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் கவனிங்க. பொதுவா "என்னைக் காப்பாத்து" என்று ஒரே வரியில் முடிச்சிருக்கலாம். முடிக்கவில்லை. கண், காது, மூக்கு, பல், நாக்கு, கழுத்து, மார்பு, முழங்கால், பாதம், விரல் என்று ஒவ்வொரு உறுப்பா பேர் சொல்லி, இதை ஒரு வேல் காக்கட்டும், அதை ஒரு வேல் காக்கட்டும் என்று வேண்டுகிறார். சொல்லக் கூச்சப்படும் உறுப்பைக்கூட விடவில்லை. பகலில் காக்கணும், இருட்டில் காக்கணும் என்று நேரத்தையும் பிரிச்சுக் கேட்கிறார்.

அதாவது, உடம்பு முக்கியமில்லை என்று நினைக்கிற மரபு நம்முடையது இல்லை. திருமூலரும் திருமந்திரத்தில் இதையே சொல்கிறார். உடம்பை ஒரு காலத்தில் இழிவா நினைச்சவர், அதுக்குள்ளே இறைவன் குடியிருப்பதைப் பார்த்த பிறகு அதைப் பேணிக் காக்கத் தொடங்கினார் என்று அவரே பாடி வெச்சிருக்கார்.

பாதத்தையும் விரலையும் காக்கச் சொல்லி ஸ்பீக்கரில் கவசம் போட்டுக்கிட்டு, அதே பாதத்தில் ரத்தம் வர்றதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தா, நாம வேண்டியதுக்கு நாமே குறுக்கே நிக்கிற மாதிரி ஆகாதா?

இங்கே ஒருத்தர் அருணகிரிநாதரைச் சொல்வார். திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கிப் பிடிக்கலையா? பிடித்தான் என்பதுதான் நம் மரபு. ஆனா அவர் முருகனைச் சோதிச்சுப் பார்க்கிறதுக்காக விழவில்லை. வாழ்க்கை வெறுத்து விழுந்தார். முருகன் முதலில் காப்பாத்தியது அந்த உடம்பைத்தான். பிறகு பாடச் சொன்னான். அதுக்கப்புறம் அருணகிரியார் எந்த ஊர்க் கோபுரத்திலும் ஏறிக் குதிச்சுப் பார்க்கல. ஊர் ஊரா நடந்து போய்த் திருப்புகழ் பாடினார். அருள் கிடைச்சவர் அந்த அருளை இப்படித்தான் வெச்சுக்கிட்டார்.

கஷ்டமே இல்லாம அது என்ன நேர்த்திக்கடன்?

எதிர்ப்பக்கத்தில் இருக்கிற பலமான வாதம் இதுதான். இதைச் சும்மா ஒதுக்கிட முடியாது. காவடி எடுக்கிறோம், அலகு குத்துறோம், விரதம் இருக்கோம், தரையில் படுக்கிறோம். கஷ்டம் இல்லாட்டி பஸ்ஸிலேயே போயிட்டு வந்துடலாமே! வலியை எடுத்துட்டா யாத்திரையில் என்ன மிஞ்சும்?

இதுக்குப் பதில் தேட இடும்பனிடமே போகலாம். காவடியே அவரிடமிருந்துதான் தொடங்குது. அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்ற 2 மலைகளையும் ஒரு தண்டில் கட்டித் தோளில் தூக்கிக்கிட்டு தெற்கே வந்தவர். அவ்வளவு பாரம் சுமந்தவர் ஆவினன்குடிக்கிட்ட வந்ததும் என்ன செய்தார்? களைப்பா இருந்தது, இறக்கி வெச்சார். இளைப்பாறினார். அப்புறம் தூக்கப் பார்த்தார், முடியல. மலை மேலே கோவணத்தோட ஒரு சின்னப் பையன் நின்னான். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடம் அந்த இளைப்பாறல்தான். முதல் காவடி எடுத்தவர் பாரத்தை இறக்கி வெச்ச இடத்தில்தான் இன்னிக்கு நாம போய் நிக்கிறோம். இறக்கி வெச்சதுக்காக அவரை யாரும் குறைச்சுச் சொல்லல. இன்னிக்கும் மலையேறுகிற வழியில் இடும்பனைக் கும்பிட்டுட்டுத்தான் மேலே போறோம்.

கஷ்டம் வேற, சேதம் வேற என்று நான் பிரிச்சுப் பார்க்கிறேன். 60 கிலோமீட்டர் நடந்தா கால் வலிக்கும். அது கஷ்டம். வேண்டுதலோட சேர்ந்தே வர்றது. அதை யாரும் எடுத்துட முடியாது, எடுக்கவும் வேண்டாம். ஆனா நேத்து வாங்கின புது ஷூவைப் போட்டுக்கிட்டு வந்து குதிகால் தோல் உரிஞ்சா அது சேதம். அதை முருகன் கேட்கவே இல்லை. நம்ம அசட்டைதான் அதைக் கொண்டுவந்தது. சேதத்தைக் கொண்டுபோய் காணிக்கைன்னு சந்நிதியில் வைக்கிறது எனக்குச் சரியாப் படல.

இன்னொண்ணும் சொல்லணும். நம்மைவிடப் பழைய காவடிகளைப் பாருங்க. குன்றக்குடியிலிருந்து கிளம்புற நகரத்தார் காவடி சில நூறு வருஷங்களா வர்றது. எங்கே தங்கணும், எங்கே சாப்பாடு, யார் முன்னே போகணும், யார் பொறுப்பு எல்லாம் ஒரு ஒழுங்கில் இருக்கும். எடப்பாடியிலிருந்து வர்ற காவடிக் குழு மலை மேலே ஒரு ராத்திரி தங்கும் உரிமையோட வருது. டன் கணக்கில் பஞ்சாமிர்தம் அவங்களே தயாரிக்கிறாங்க. ஆயிரக்கணக்கான பேர் வர்ற அந்த யாத்திரை ஏற்பாடு இல்லாம ஒரு நாள்கூட நகராது. அந்தப் பெரியவங்களுக்கு நம்மைவிட முருகன் மேல நம்பிக்கை குறைச்சலா என்ன?

கடனை யார் காசில் அடைக்கிறோம்?

நேர்த்திக்கடன் என்கிற சொல்லையே பாருங்க. கடன். நான் முருகனுக்குக் கொடுக்க வேண்டியது. அதை என் கையிலிருந்துதான் கொடுக்கணும். என் தூக்கம், என் பசி, என் கால் வலி, என் லீவு நாள் எல்லாம் என் காசு. தாராளமாச் செலவழிக்கலாம். அடுத்தவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து உண்டியலில் போட்டா அது காணிக்கை ஆகுமா?

இப்போ ராத்திரி 2 மணிக்கு ஒட்டன்சத்திரம் தாண்டி நடக்கிற ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. பச்சை வேட்டி, பச்சைத் துண்டு. பகலில் ரொம்ப அழகான நிறம். இருட்டில் பச்சை கறுப்பாயிடும். பின்னால ஒரு கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருது. அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகும். டிரைவர் ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை விநாடி ஆயிடும். அதுக்குள்ள 33 மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடிச்ச பிறகும் காய்ஞ்ச ரோட்டில் இன்னும் 35 மீட்டர் போல ஓடித்தான் நிக்கும். மொத்தம் 70 மீட்டருக்குக் கிட்டத்தட்ட. லோடு ஏத்தின லாரின்னா இன்னும் கூட. லோ பீம் வெளிச்சத்தில் கறுப்பா இருக்கிற ஒரு உருவம் பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்ள வந்த பிறகுதான் டிரைவர் கண்ணுக்கே தெரியும். ஒளிரும் பட்டை ஒட்டியிருந்தா 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே பளிச்சுன்னு மின்னும்.

அந்த ஸ்டிக்கரை வழியில் போலீஸ்காரங்க, தன்னார்வலர்கள் எல்லாம் சும்மாவே ஒட்டிவிடறாங்க. "வேண்டாம் சார், முருகன் இருக்கான்" என்று சிரிச்சுக்கிட்டே நகர்றவங்களை நான் பார்த்திருக்கேன். அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு தோணும். அண்ணே, உங்க உயிர் உங்க முருகனுக்கும் உங்களுக்கும் நடுவில இருக்கிற விஷயம்னே வெச்சுக்குவோம். அந்த டிரைவர் என்ன பாவம் செஞ்சார்? தக்காளி லோடு ஏத்திக்கிட்டு விடியறதுக்குள்ள மார்க்கெட்டுக்குப் போகணும்னு வர்றவர். ஒரு பக்தரை இடிச்சுட்டோம்ங்கிறதை ஆயுசுக்கும் தூக்கிச் சுமக்கப்போறவர் அவர்தான். அவரும் வண்டி டேஷ்போர்டில் முருகன் படம் வெச்சிருப்பார். நம்ம வேண்டுதலுக்கு அவர் ஏன் விலை கொடுக்கணும்?

அதேபோல வீட்டில் போனைப் பக்கத்திலேயே வெச்சுக்கிட்டுத் தூங்குற அம்மா. நம்மை நம்பித் தம்பியை அனுப்பி வெச்ச பக்கத்து வீட்டுக்காரங்க. ஏதாவது ஆச்சுன்னா ராத்திரியோட ராத்திரியா ஓடப்போற குருசாமி. ஆபத்தை நாம மட்டும் எடுத்துக்கிறதா நினைக்கிறோம். அது நம்ம கணக்கோட நிக்கிறதே இல்லை.

அதனால, ஸ்டிக்கர் ஒட்டறதும், நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வர்ற வண்டி தெரியற மாதிரி வலப்பக்கமா ஒற்றை வரிசையில் நடக்கிறதும், காதில் இயர்போன் இல்லாம நடக்கிறதும் சௌகரியக் கணக்கில் வராது. அது அடுத்தவங்களுக்கு நாம செய்ய வேண்டிய கடமை. அதில் "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லைன்னு நினைக்கிறேன்.

வெறுங்கால் வேண்டுதல்

அப்போ வெறுங்காலோட நடக்கிறது தப்பா? இது கொஞ்சம் சிக்கலான இடம். வெறுங்கால் என்னோட கால். அடுத்தவங்களுக்கு நேரடியா ஆபத்து இல்லை. மண்ணைத் தொட்டு நடக்கிறதில் ஒரு பணிவு இருக்கு. அதை அனுபவிச்சவங்களுக்கு அது தெரியும். அதனால "செருப்புப் போட்டே ஆகணும்" என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒரு சம்பவம் சொல்றேன். எங்க குழுவில் ஒரு அண்ணன், பத்து வருஷமா சுகர். வெறுங்காலில் நடப்பதா வேண்டிக்கிட்டார். முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில் உட்கார்ந்து காலைத் துடைக்கும்போதுதான் துண்டில் ரத்தம் இருந்ததைப் பார்த்தார். பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு. எப்போ குத்திச்சுன்னு அவருக்கே தெரியல. சுகர் நாள்பட்டவங்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சு போகும். புண்ணும் சீக்கிரத்தில் ஆறாது. சின்னப் புண்ணு பெரிசாகி விரலை எடுக்க வேண்டிய நிலைமைக்குக்கூட போகும்.

மறுநாள் அவர் செருப்புப் போட மாட்டேன்னு அழுதார். வேண்டிக்கிட்டதை மீறினா சாமி குத்தம் ஆயிடும்னு பயம். எங்க குருசாமி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்பா, உனக்கு வலிக்கவே இல்லையே. வலிக்காத காலால எந்த வலியை அவனுக்குக் கொடுக்கப்போற? அடுத்த வருஷமும் நீ நடந்து வரணும். அதை நேர்ந்துக்கோ" என்றார். அண்ணன் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கிட்டு பஸ்ஸில் பழனி வந்தார். அடிவாரத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார். எங்க யாருக்கும் அவர் குறைவான பக்தரா தெரியல.

குருசாமி சொன்னதில் ஒரு அளவுகோல் இருக்கு. வேண்டுதலோட உயிர் எங்கே இருக்குன்னு பார்க்கணும். நடந்து வர்றேன்னு சொன்ன வார்த்தையில் இருக்கா, புண்ணில் இருக்கா? நம்மால முடியாதுன்னு தெரிஞ்சா, வேண்டுதலை மாத்திக்கொடுக்க பெரியவங்க கிட்ட கேட்கிறது நம்ம வழக்கத்தில் உண்டு. அதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை.

சௌகரியம் எது வரைக்கும்?

பத்திரம் சரி, சௌகரியம்? அது சுகவாசம் இல்லையா? இதிலும் உண்மை இருக்கு. பின்னாடியே ஏசி வண்டி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மெத்தை, நடக்கும்போதெல்லாம் ரீல்ஸ். அப்படிப் போனா கால் மட்டும் பழனிக்குப் போகும், ஆள் வீட்டிலேயே இருப்பார்.

ஆனா எதிர்ப்பக்கத்தையும் பாருங்க. திண்டுக்கல்லிலிருந்து பழனி வரைக்கும் சுமார் 80,000 அடி வைக்கணும். ஒரு காலுக்கு 40,000 தடவை. ஈரமான தோல் ஒவ்வொரு அடிக்கும் உரசினா கொப்புளம் வராம என்ன செய்யும்? கொப்புளம் வந்த பிறகு மனசு எங்கே இருக்கும்? முருகன் மேலயா, குதிகால் மேலயா? நானும் பார்த்துட்டேன், குதிகால் மேலதான் இருக்கும். வாய் "வேல் வேல்" என்று சொல்லும், மனசு "இன்னும் எத்தனை கிலோமீட்டர்" என்று எண்ணும்.

அதனால எனக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. இந்த வசதியை எடுத்துக்கிட்டா என் மனசு அவன் பக்கம் போகுமா, என் பக்கமே திரும்புமா? காய்ஞ்ச சாக்ஸ் மாத்தினா கவனம் அவன் பக்கம் போகுது. எடுத்துக்கலாம். மத்தியானம் 11 மணியிலிருந்து 3 மணி வரைக்கும் நிழலில் படுத்தா சாயங்காலம் தெளிவா நடக்க முடியுது. எடுத்துக்கலாம். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடி கொண்டுவர்றவங்க நடக்கிற வெயிலை நினைச்சா, இது சௌகரியமே இல்லை, தேவை.

மலையில் விஞ்ச் இருக்கு, 2004-லிருந்து ரோப் காரும் இருக்கு. எண்பது வயசுப் பாட்டி அதில் ஏறிப் போய் அவனைப் பார்த்து அழறாங்க. படியேறி வந்த நம்மைவிட அந்தக் கண்ணீரில் உப்புக் குறைச்சலா? அவங்களுக்கு ரோப் கார் என்னவோ, அதுதான் உங்களுக்குப் பழகின ஒரு ஜோடி ஷூவும்.

வழியில் மோர், சுக்குக் காப்பி, சாப்பாடு கொடுக்கிறவங்களையும் நினைச்சுக்கோங்க. நம்ம சௌகரியம்தான் அவங்களோட நேர்த்திக்கடன். நாம வாங்கிக் குடிச்சாத்தான் அவங்க கடன் அடையும். குடிச்ச டம்ளரை ரோட்டில் போடாம குப்பைத்தொட்டி வரைக்கும் தூக்கிட்டுப் போறது, நாம அவங்களுக்குச் செய்ற சின்ன மரியாதை.

ஏதாவது ஆயிட்டா என்ன சொல்வோம்?

இதை எழுத எனக்குத் தயக்கமா இருக்கு. ஆனா எழுதியே ஆகணும்னு நினைக்கிறேன்.

பாதயாத்திரையில் விபத்து நடந்த செய்தி குரூப்புக்கு வந்ததும் இரண்டு விதமா கமென்ட் வரும். "எங்கே போனான் உங்க முருகன்?"னு வெளியாள் கேட்பார். "விரதத்தில் ஏதோ குறை இருந்திருக்கும்" என்று நம்ம ஆளே சொல்வார். முதல் கமென்ட்டைவிட இரண்டாவதுதான் எனக்கு வலிக்குது. மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா அதைப் படிச்சா என்ன ஆவாங்க?

இந்த இரண்டு பேச்சும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்குது. "முருகன் பார்த்துப்பான், நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிட்டா, ஏதாவது ஆன பிறகு இரண்டு பதில்தான் மிச்சம். ஒண்ணு, அவன் பார்க்கல. இல்லாட்டி, செத்தவன் சரியில்ல. முதல் பதில் முருகனுக்குப் பழி. இரண்டாவது இறந்தவருக்குப் பழி. நடுவில் இருந்த நாம, ஸ்டிக்கர் ஒட்டாத குழு, கண்ணு சொருகிக்கிட்டே நடந்தவரை எழுப்பி உட்கார வைக்காத கூட்டாளி, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டினவர், யாருமே கணக்கில் வர மாட்டோம்.

எல்லா ஜாக்கிரதையும் எடுத்த பிறகும் கஷ்டம் வரலாம். அது ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே அவன் காலைப் பிடிச்சுக்கிட்டு அழத்தான் முடியும். ஆனா நம்ம வேலையை நாம செய்திருந்தா, அந்த அம்மாகிட்ட போய் நேரா உட்காரவாவது முடியும். அவங்க பிள்ளை மேல ஒரு குறையும் சொல்லாம, கூட அழ முடியும்.

கிளம்பறதுக்கு முன்னாடி நம்ம வேலை

1. ஷூவோ செருப்போ, குறைஞ்சது இரண்டு மூணு வாரம் போட்டுப் பழகினதா இருக்கட்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா நடந்து தூரத்தைக் கூட்டுங்க.

2. உரசுற இடங்களில் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவுங்க. மாத்து சாக்ஸ் 2 ஜோடி வையுங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க. தானா உடைஞ்சா கழுவித் துடைச்சு, சுத்தமா மூடுங்க.

3. சுகர், பிரஷர், இதய நோய் இருக்கிறவங்க முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்க. மாத்திரையைத் தனிப்பையில் போட்டு, கூட வர்றவர்கிட்டயும் சொல்லி வையுங்க. சுகர் இருந்தா ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாதத்தைக் கண்ணால பாருங்க.

4. வெறும் தண்ணியையே குடம் குடமாக் குடிக்காம நடுவில் மோர், ஓஆர்எஸ் குடிங்க. பாக்கெட் இல்லாட்டி 1 லிட்டர் சுத்தமான தண்ணியில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சுகர், பிரஷர் உள்ளவங்க இதையும் டாக்டரைக் கேட்டுக்குங்க.

5. வெயிலில் ஒருத்தர் பேச்சுக் குழறி, தடுமாறி, உடம்பு நெருப்பாச் சுட்டா அதை "சாமி வந்திருக்கு"ன்னு விட்டுடாதீங்க. நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத் துணி போட்டு விசிறி, உடனே 108-க்கு அடிங்க. நினைவு இல்லாதவர் வாயில் தண்ணி ஊத்தாதீங்க.

6. ஒளிரும் பட்டையைப் பை மேலயும், கணுக்காலுக்குப் பக்கத்திலும் ஒட்டுங்க. கால் அசையும்போது அது மனுஷன்னு தூரத்திலேயே தெரியும். குழுவுக்கு முன்னே ஒருத்தர், கடைசியில் ஒருத்தர் டார்ச்சோட வரணும். யாத்திரைக்குன்னு தனி நடைபாதை இருக்கிற இடத்தில் அதை விட்டு இறங்காதீங்க.

7. தூக்கம் வந்தா மண்டபத்தில், கோவில் வளாகத்தில் படுங்க. ரோட்டு ஓரத்திலோ, நிக்கிற லாரிக்குக் கீழேயோ, பின்னாடியோ வேண்டாம்.

8. சண்முக நதியோ வழியில் இருக்கிற குளமோ, ஆழம் தெரியாத இடத்தில் இறங்காதீங்க. நீச்சல் தெரிஞ்சாலும் தனியாக் குளிக்காதீங்க.

இதையெல்லாம் செய்து முடிச்சுட்டு, பையைத் தோளில் போட்டுக்கிட்டு, திருநீறு பூசிக்கிட்டு, வாய் நிறையச் சொல்லுங்க, முருகன் பார்த்துப்பான்னு. அப்போ அந்த வார்த்தைக்கு நாம தகுதியானவங்க.

இந்த வருஷம் உங்க குரூப்பில் ஒரு தம்பியோ தங்கச்சியோ ஷூவைப் பத்திக் கேட்டா, அரோகரா போடறதுக்கு முன்னாடி பதிலும் போடுங்க. முதல் தடவை நடக்கப்போற ஒருத்தருக்காவது இதை அனுப்பி வையுங்க.

நல்லபடியா போய், கண் குளிர அவனைப் பார்த்துட்டு, நல்லபடியா வீடு திரும்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு... அரோகரா!